செத்தவர் தலையில் கட்டிய வாள்

ஸ்பெயினில் வாளுக்குப் பேர்போன டொலேடோவில் ஒரு பழைய வாளைக் கொண்டுவந்து இதைச் செய்தது யார் என்று கேட்டால், பதில் அந்த வாள் இருக்கும் நிலையைப் பொறுத்தது. வாள் நன்றாக இருந்தால் பத்துப் பேர் ஓடிவந்து, "எங்கப்பா கைவேலைங்க இது, பாத்தாலே தெரியலையா?" என்பார்கள். உடைந்த வாள் என்றால் அது அநாதை. அலகில் டொலேடோ என்று பொறித்திருக்கிறதே என்று காட்டினால், "ஊர் பேருதான போட்டிருக்கு, என் பேரா போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அவர்களையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. செத்துப்போன ராஜாக்களின் வாளை நகலெடுத்து விற்பதுதான் ஊரின் பிழைப்பு. பிடிக்கு மேலுள்ள கைக்காப்பும் பிடியின் கடைசியிலுள்ள குமிழும் எல்லாப் பட்டறைக்கும் ஒரே வார்ப்படக்காரரிடமிருந்து வந்தன. பேராலயத்தை ஒட்டிய கடைக்காரர்கள் ஆறேழு பட்டறைகளில் வாங்கி, தங்கள் கடைப் பெயரை அலகில் பொறித்துக்கொண்டார்கள். இருபது வருடம் கழித்து ஒரு வாள் திரும்பி வந்தால், வெளியே பார்த்து யார் செய்தது என்று சொல்லக் கடவுளாலும் ஆகாது. உள்ளே பார்த்துச் சொல்ல ஒருத்தி இருந்தாள். காசில்டா என்று பெயர்.

காசில்டா வாள் செய்பவள் அல்ல. வாள்பிடிக்குக் கம்பி சுற்றுபவள். மெல்லிய பித்தளைக் கம்பிகள் இரண்டைக் கயிறாக முறுக்கி, மரப்பிடியின் மேல் நகம் நுழையாத நெருக்கத்தில் சுற்ற வேண்டும். வீட்டிலேயே, ஜன்னலோரம் உட்கார்ந்து செய்கிற வேலை. அவளுக்கு இடக்கைதான் கை. பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் அது பிசாசின் கை என்று சொல்லி முதுகுக்குப் பின்னால் கட்டிப்போட்டுப் பார்த்தார்கள். வலக்கையால் எழுதக் கற்றுக்கொண்டாள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் இடக்கைதான். "எழுத்து அவங்களுக்கு, கம்பி எனக்கு" என்பாள். ரயில்வேயில் வேலை பார்த்த கணவன் நெஞ்சுச் சளியில் சீக்கிரமே போய்விட்டான். பிள்ளை இல்லை. தம்பி எலிஹியோ பட்டறை போட்டபோது அவனுக்குக் கம்பி சுற்றிக் கொடுத்தாள், அவன் பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்தாள். வாய் கொஞ்சம் நீளம். தெருவில் அவளிடம் வாய் கொடுத்துவிட்டு யாரும் சும்மா போனதில்லை. ஆனால் பொய் சொன்னாள் என்று அவளை ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பேர்தான் பிற்பாடு அவளுக்கு வினையாகப் போயிற்று.

கம்பி சுற்றுகிறவர் கடைசி முனையை எங்கே ஒளிக்கிறார் என்பதில்தான் ஆள் தெரியும். பிடியின் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கழற்றினால் முனை தெரியும். ஒருத்தி ஈயம் வைத்து ஒட்டுவாள், இன்னொருவர் மடக்கித் தட்டுவார், வேறொருவர் பசை தடவி ஆண்டவன் விட்ட வழி என்று விட்டுவிடுவார். காசில்டா மரத்தில் சிறு துளையிட்டு முனையை உள்ளே செருகி, அரைத் தீக்குச்சியை அடித்து அடைத்துவிடுவாள். ஊரில் எல்லோருடைய வழக்கமும் அவளுக்குத் தெரியும். அவளுடையது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடம் பிப்ரவரியில் மார்சியால் என்பவர் அவள் வீட்டுக்கு வந்தார். அலிகாந்தே பக்கத்து மலையூர்க்காரர். அந்த ஊரில் வருடாவருடம் ஏப்ரலில், அந்தக் காலத்து முஸ்லிம்களான மூர்களும் கிறிஸ்தவர்களும் சண்டை போட்டுப் பட்டணத்தைப் பிடித்ததை நடித்துக் காட்டுகிற திருவிழா நடக்கும். ஊரே இரண்டு பக்கமாகப் பிரிந்து, உடுப்பு மாட்டி, வரிசை வரிசையாக ஆடிக்கொண்டு போகும். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் ஒரு தலைவர் வாளைச் சுழற்றிக்கொண்டு நடப்பார். கிறிஸ்தவர் பக்கத்துப் படை ஒன்றில் இருபது வருடமாக மார்சியால்தான் வரிசைத் தலைவர். தச்சர். தோளகலம் கதவுக்குப் பொருந்தாததால் ஒருக்களித்துத்தான் உள்ளே வந்தார்.

"ஊரெல்லாம் சுத்திட்டேன்மா. எந்தப் பட்டறைக்குப் போனாலும், எங்களோடது இல்ல, அடுத்த கடையில கேளுங்கறான். அடுத்த கடைக்காரன் முதல் கடையக் கை காட்டறான். கடைசில ஒருத்தர்தான், காசில்டா அம்மாகிட்டப் போங்க, அவங்க சொன்னா வேதவாக்குன்னாரு."

"இந்த ஊர்க்காரனுக்குக் கழுத்த அறுக்கத் தெரியும், பாராட்டத் தெரியாதே. ஏதோ தப்பிச் சொல்லிட்டான். உக்காருங்க" என்றாள் காசில்டா.

அவர் கொண்டுவந்த துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். பிடி தனியாக, அலகு தனியாக இருந்தது. போன வருடத் திருவிழாவில் சுழற்றும்போது அலகு பிடியிலிருந்து உருவிக்கொண்டு பறந்துவிட்டது. பக்கத்தில் வாத்தியக் குழு வந்துகொண்டிருந்தது. ரெமெய் என்று ஒரு பெண், பதினெட்டு வயது, கிளாரினெட் வாசிப்பவள். அலகு அவள் வலக்கையில் விழுந்து இரண்டு விரலைக் கொண்டுபோய்விட்டது.

"என் கண் எதிர்ல வளந்த புள்ளம்மா. மாமா மாமான்னு கூப்பிடும். காசுக்காக நான் வரல, கேஸுக்கும் வரல. எங்க படைக்கு இருபது வருஷம் முன்னாடி இதே மாதிரி பன்னெண்டு வாள் ஒண்ணா வாங்கினது. இன்னும் பதினொண்ணு பெட்டியில கிடக்கு. ஏப்ரல்ல அதத்தான் தூக்கணும். யாரு செஞ்சாங்க, எப்படி செஞ்சாங்கன்னு தெரிஞ்சா, தூக்கலாமா கூடாதான்னு தெரிஞ்சுக்குவேன். அவ்வளவுதான்."

வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். கீழே ஹாரன் அலறியது. "தோ வந்துட்டேன்" என்று ஓடினார். அவர் படியிறங்கும் சத்தம் ஓயும் முன்பே காசில்டா குறடு ஒன்றை எடுத்து வளையத்தைக் கழற்றிவிட்டாள். ஆர்வம்தான், வேறொன்றுமில்லை.

உள்ளே அரைத் தீக்குச்சி இருந்தது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. தன் கைவேலையே தனக்கு அடையாளம் தெரியவில்லையே என்று. பிறகு பிடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அலகு கழன்ற வாய் வழியாக உள்ளே பார்த்தாள். நல்ல வாளில் அலகின் இரும்பே வாலாக நீண்டு பிடி வழியாகக் குமிழ் வரை போகும். இதில் கட்டை விரல் நீளத்துக்கு வால், அதற்கு மேல் ஒரு கம்பியை வைத்து வெல்டிங் செய்திருந்தது. வெல்டிங் விட்டுப்போயிருந்தது. உள்ளே மிஞ்சிய கம்பியின் பக்கவாட்டில் பருக்கள் மாதிரி மூன்று உருண்டை. எலிஹியோ வெல்டிங் வைத்தால் அப்படித்தான் வழியும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அப்படிச் செய்தது குற்றமில்லை. சுவரில் மாட்டுகிற வாளுக்கு டொலேடோவில் எல்லோரும் அப்படித்தான் ஒட்டுவார்கள். சுவரில் தொங்குகிற வாள் யாரை வெட்டப்போகிறது? எலிஹியோ சுவர்வாள் என்று சொல்லித்தான் கடைக்குக் கொடுத்தான். கடைக்காரன் திருவிழாவுக்கு என்று கேட்டு வந்தவர்களுக்கு அதையே எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அதுவரை காசில்டா மேல் ஒரு தூசியும் இல்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் அதற்குப் பிறகும் இருந்திருக்காது.

மார்சியால் மூச்சிரைக்க மேலே வந்தார். அதற்குள் வளையத்தைப் பழையபடி மாட்டிவிட்டிருந்தாள். அது ஏன் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. எலிஹியோவுக்கு அந்த வருடம்தான் திருவிழா வாள்களுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்திருந்தது. அவன் மகன் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு பெண்ணின் விரல் போன கதை இந்தத் தெருவில் பரவினால் என்ன ஆகும்? இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் பொய் தும்மல் மாதிரி வந்தது.

"சோய்லோ" என்றாள்.

"யாரும்மா அது?"

"ஆத்தங்கரைப் பக்கம் பட்டறை வச்சிருந்தாரு. செத்து எட்டு வருஷம் ஆச்சு. புள்ளகுட்டி இல்ல. பட்டறையும் இல்ல."

செத்தவர் வந்து சாட்சி சொல்லப்போகிறாரா என்ன? பழியை அவர் தலையில் கட்டிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை என்றுதான் அவள் கணக்குப் போட்டாள். ஆனால் மார்சியாலின் முகம் மலர்ந்துவிட்டது.

"சோய்லோவா! இன்னைக்கு மூணு கடையில அவர் பேரச் சொன்னாங்கம்மா. ஒட்டு வேலையே செய்ய மாட்டாராம். ஒரே இரும்புல தலையிலேருந்து வால் வரைக்கும் அடிப்பாராம். சோய்லோ வாள் ஒடைஞ்சதா சரித்திரமே இல்லைன்னாங்களே!"

செத்தவர் தலையில் கெட்ட பேரைக் கட்டப்போன காசில்டா, அவருடைய நல்ல பேரில் போய் விழுந்திருந்தாள்.

"அப்ப இது மட்டும் ஏன்மா போச்சு?" என்று கேட்டார் அவர்.

"துரு" என்றாள். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று வேண்டியிருந்தது. "ஈரத்தோட வச்சா பிடிக்குள்ள தண்ணி நிக்கும். உள்ளயே அரிச்சிடும்."

மார்சியால் தச்சருடைய பெரிய கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதுக்கு முந்தின வருஷம் திருவிழாவுல மழைம்மா" என்றார். "நான் குடிச்சிட்டு வந்து அப்படியே உறைக்குள்ள சொருகிட்டுப் படுத்துட்டேன். மத்தவங்க எல்லாம் தொடச்சுதான் வச்சாங்க. அப்ப என்னோட வாள் மட்டும்தான். அந்தப் புள்ளையோட விரல் என் சோம்பேறித்தனத்துல போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரவால்லம்மா. தெரிஞ்சுக்கிட்டேன் பாருங்க, அது போதும். அப்ப மிச்சம் பதினொண்ணும் பத்திரம்தான? தூக்கலாம்தான?"

இங்கேதான் காசில்டா தலையசைத்தாள். மற்றதெல்லாம் வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தலையசைப்புக்குச் சாக்கு கிடையாது.

அவர் படியில் நின்று அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னார். தங்கள் படை கூடுகிற வீட்டின் தொலைபேசி எண்ணைச் சொல்லி, திருவிழாவுக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அழைத்தார். எண்ணை மறந்துவிட வேண்டும் என்று அவள் நினைத்தாள். அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது.

எலிஹியோவிடம் சொன்னாள். அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு அக்காளைக் கட்டிக்கொண்டான்.

"நீ தெய்வம்க்கா. வேற எவளா இருந்தாலும் என்னக் காட்டிக் கொடுத்திருப்பா."

"டேய், பதினொண்ணு இன்னும் அவங்ககிட்ட இருக்குடா. பதினொண்ணும் உன்னோட வெல்டிங்தான்."

"இருபது வருஷத்துல ஒண்ணுதான ஒடைஞ்சுது? மத்தது ஒடையணும்னா எப்பவோ ஒடைஞ்சிருக்கும். நீ சும்மா மனசப் போட்டு அலட்டிக்காத."

மறுநாள் ஒரு பன்றித்தொடை முழுசாக வீட்டுக்கு அனுப்பிவைத்தான். உப்பில் ஊறி வருடக்கணக்கில் தொங்கவிட்ட நல்ல தொடை. அது சமையலறையில் கொக்கியில் தொங்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் ஒரு துண்டு வெட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "என்ன காசில்டா, பூசைக்கா வச்சிருக்க?" என்று கேட்டபோது எரிந்து விழுந்தாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். காசில்டாவுக்குக் கையே குறுகுறுத்தது. கம்பி நழுவியது. நாற்பது வருடம் பார்க்காமலே சுற்றியவள், ஒரு பிடியை மூன்று முறை பிரித்துச் சுற்றினாள். தவக்காலத்தில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டாள். இறைச்சி ஆகாத வெள்ளிக்கிழமையில் இறைச்சிக் குழம்பை ருசி பார்த்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டியதைச் சொன்னாள். "வேற ஏதாவது இருக்கா?" என்று சாமியார் கேட்டார். "அவ்வளவுதான் சாமி" என்றாள். பரிகாரமாக அருள் நிறைந்த மரியே செபத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார். வெளியே வந்து, அந்த மூன்றையும் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லாமலே வீட்டுக்கு நடந்தாள்.

துருவைப் பற்றித்தான் அதிகம் நினைத்தாள். ஒரு நல்ல மனுஷர் இப்போது எங்கேயோ உட்கார்ந்து, தன் குடியால்தான் ஒரு பெண்ணின் கை போயிற்று என்று நம்பிக்கொண்டிருக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஊர்ப் பழமொழி சொல்வதைக் கேட்டிருக்கிறாள். இரண்டையும் பிரித்து அனுப்பியது தானே என்று இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் பிற்பகல், பெட்டிக்கடைத் தொலைபேசியில் நாணயத்தைப் போட்டு அந்த எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் தாரை தப்பட்டைச் சத்தம், சிரிப்பு, கண்ணாடிக் கோப்பைகள் மோதும் ஒலி. மார்சியால் வந்தார்.

"டொலேடோ அம்மாவா! ஏ, சத்தம் போடாதீங்கடா! அம்மா, நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. ஒரு சேதி சொல்றேன் கேளுங்க. உங்ககிட்டேருந்து வந்ததும் நேரா ரெமெய் வீட்டுக்குப் போய் மண்டி போட்டேன். மழை, துரு, எல்லாத்தையும் சொன்னேன். அவங்கப்பா என்னை அடிப்பாருன்னு நெனச்சேன். அந்தப் புள்ள, போங்க மாமா, குடிகார மாமான்னு சிரிச்சிடுச்சு. இனிமே அதால கிளாரினெட் வாசிக்க முடியாதில்லையா? அதனால படையில பேசி முடிவு பண்ணிட்டோம். நாளைக்கு என் எடத்துல வரிசைக்கு முன்னால நடக்கப்போறது ரெமெய்தான்! எங்க படையில முதல் பெண்பிள்ளை! ரெண்டு மாசமா இடக்கையில சுத்திப் பழகுது. பதினொண்ணுல நல்லதா ஒண்ணு நானே பொறுக்கிக் கொடுத்தேன். சோய்லோ வாள், பயப்படாம சுத்துன்னேன்."

காசில்டா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அம்மா? கேக்குதாம்மா?" என்றார் அவர். நாணயம் தீர்ந்து இணைப்பு அறுந்தது. பையில் இன்னும் நாணயம் இருந்தது. அதை எடுத்துப் போட அவளுக்குத் துணிச்சல் இல்லை.

விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்தாள். கைப்பையில் குறடு மட்டும் இருந்தது. தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவான், அவன் அழுதால் இவள் நின்றுவிடுவாள் என்று தெரியும். தலைநகர் மத்திரிதில் இறங்கி வண்டி மாறி, மலையூரில் கால் வைத்தபோது மதியம் தாண்டியிருந்தது. தெரு முழுக்க வெடிமருந்துப் புகை. வழி கேட்டுக் கேட்டுப் படை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். உள்ளே இரும்புச் சட்டையும் சிவப்பு மேலங்கியும் அணிந்த ஆட்கள் மாட்டுக்கறிச் சோற்றை முடித்துவிட்டுச் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மார்சியால் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பாருங்கடா, சொன்னபடி வந்துட்டாங்க! ரெமெய், இங்க வாம்மா, இவங்கதான்!"

மெலிந்த பெண். இடக்கையில் வாள். வலக்கை மேலங்கியின் மடிப்புக்குள் இருந்தது. அந்தக் கையை எப்போதும் எதற்குள்ளாவது வைத்துக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிவிட்டது போலும்.

"அதக் கொடும்மா" என்றாள் காசில்டா.

வாழ்த்தப்போகிறாள் என்று நினைத்து அவளும் கொடுத்தாள். காசில்டா அதை மேசை மேல் வைத்து, குறட்டால் வளையத்தை இழுத்து, தீக்குச்சியைப் பிடுங்கி, கம்பியை உருவி, பிடியைப் பிளந்தாள். யாரோ, "ஏய், என்ன பண்றீங்க?" என்று கத்தினார். வெல்டிங் வெளியே வந்தது. மூன்று உருண்டைகள். ஒரு பக்கம் முடி கனத்துக்கு வெடிப்பு.

"இது சோய்லோ செஞ்சது இல்ல" என்றாள். "என் தம்பி செஞ்சது. கம்பி சுத்தினது நான். சுவத்துல மாட்டறதுக்குச் செஞ்சது. பதினொண்ணும் இப்படித்தான் இருக்கும். துரு இல்ல. மழை இல்ல. நீங்க தொடச்சு வச்சிருந்தாலும் அது அன்னைக்குப் போயிருக்கும்."

மார்சியால் பிளந்த பிடியை எடுத்து, தச்சர் மரத்தைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்கு வந்து ஒடைஞ்சதக் காட்டினப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் கீழ வண்டியப் பாக்கப் போனேனே, அப்பவேவா?"

"அப்பவே."

"நான் உங்க முன்னால அழுதேனே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் தலை குனிந்து நின்றாள். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. ஒவ்வொருவரிடமும் போய், இடுப்பிலிருந்து வாளை உருவி, உருளைக்கிழங்குச் சாக்கு ஒன்றில் போட்டார். யாரும் மறுக்கவில்லை. சாக்கைக் கட்டி மூலையில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் வெளியே போனார்.

ரெமெய் மட்டும் அங்கேயே நின்றாள். பிளந்த பிடியைப் பார்த்தாள், காசில்டாவைப் பார்த்தாள்.

"வரிசை இப்பக் கிளம்பணும்" என்றாள். "நான் இப்ப எதப் பிடிச்சுக்கிட்டு நடக்கறது?"

என்னை மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் காசில்டா அவ்வளவு தூரம் வந்திருந்தாள். ரெமெய் கேட்டது அதையல்ல என்பதால் அதைச் சொல்ல முடியவில்லை.

தெருவில் இறங்கி மக்களோடு நின்றாள். வாத்தியம் முழங்கியது. தோளோடு தோள் கோத்த வரிசை மெதுவாக ஆடிக்கொண்டு வந்தது. ஒருவர் இடுப்பிலும் வாள் இல்லை. முன்னால் ரெமெய் வெறுங்கையோடு வந்தாள். முதல் நாலைந்து அடி என்ன செய்வதென்று தெரியாமல்தான் நடந்தாள். பிறகு மேலங்கிக்குள் இருந்த வலக்கையை வெளியே எடுத்து, வாளைத் தூக்குகிற மாதிரி தலைக்கு மேல் தூக்கினாள். இல்லாத இரண்டு விரலின் இடம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரு கைதட்டலில் அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி கைதட்டிக்கொண்டே காசில்டாவைத் திரும்பிப் பார்த்து, "தட்டுங்கம்மா, எங்க ஊர்ப் பொண்ணு!" என்றாள்.

காசில்டா கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.